அப்பா பெயருக்குப் போகும் ஆராய்ச்சி

அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தகைய நிலையங்களின் கட்டுரைகளை விக்கித்தரவு போன்ற திறந்த தரவுத்தளங்களில் ஏற்றுவோர், எழுதியவர் பெயரை அச்சில் உள்ளபடியே முதலில் பதிய வேண்டும். குடும்பப்பெயர் கேட்கும் கட்டத்துக்காக ‘மு. செல்வம்’ என்பவரின் இனிஷியலை அப்பா பெயராக விரித்தால் அவர் ‘முத்தையா செ.’ ஆகிவிடுவார். கரிசல் வெயிலில் காய்ந்து ஆராய்ந்தது மகன், பெருமை அப்பாவுக்கு! ஆய்வாளர்களை அடையாளம் காட்ட 2012இல் வந்த ஆர்கிட் (ORCID) எண் போதாதா என்பார்கள். அந்த 16 இலக்க எண்ணை ஆய்வாளரே பதிந்து பெற வேண்டும். அந்த எண் வருவதற்கு முன்பே காலமானவர்களுக்கு அது ஏது? பெயர் ஒத்திருக்கிறதென்று இருவரை ஒருவராக்குவது இன்னும் மோசம். நிலையம், ஆண்டு, உடன் எழுதியோர் எல்லாம் பொருந்திய பிறகே ஆளோடு இணைக்கலாம். அதுவரை பெயர் வெறும் எழுத்தாகவே இருக்கட்டும். விக்கித்தரவில் அதற்கென்றே தனி இடம் உண்டு.

ஒரு வாசகர், திருச்சுழி