கருப்பநீரும் சுண்ணாம்பும்

யாழ்ப்பாணத்துக் கருப்பநீரை அருந்தலாமா என்று கேட்போரிடம், முதலில் முட்டிக்குள் பாருங்கள் என்பேன். உள்ளே பூசியிருக்கும் சுண்ணாம்பு ஒரு காரம். பனஞ்சாறு புளிக்கத் தொடங்கும்போது உண்டாகும் அமிலத்தோடு அது கூடி, கல்சிய உப்பாகவும் தண்ணீராகவும் மாறுகிறது. காரம் மிகுந்திருக்கும் வரை, சீனியை மதுவாக்கும் நுண்ணுயிர்களும் பெருக மாட்டா. ஆனால் சுண்ணாம்பைக் குறைத்துப் பூசினாலோ, பூசியது செலவழிந்து போனாலோ அதே சாறு கள்தான்! அது ஹராம். விற்பவர் சொல்லும் பெயரை மட்டும் நம்பாதீர்கள்; நுரையையும் புளித்த வாடையையும் கவனியுங்கள்.

பனங்கட்டி காய்ச்சுவோரின் கவலை வேறு. மிஞ்சிய சுண்ணாம்பு கட்டியின் நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். அதற்காகவே அமிலத்தன்மையுள்ள சுப்பர் பொஸ்பேற்றை அளவாகச் சேர்ப்பார்கள். சுண்ணாம்பு கல்சியம் பொஸ்பேற்று என்னும் உப்பாகி அடியில் படியும்; தெளிந்த நீரை வடித்துக் காய்ச்சுவார்கள்.