பிச்சி மணமும் கொடிக்கால் இலையும்

சில வாரங்களுக்கு முன் முக்காணி டீக்கடையில் ஒரு கொடிக்கால் விவசாயி சிறு புட்டி ஒன்றை என்னிடம் காட்டினார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொடி அழுகி, கடன் வாங்கி மறுபடி நட்டவர் அவர். “பூவெண்ணெயிலிருந்து எடுத்த சத்து அண்ணாச்சி. அடித்தால் நோய் வராதாம், இலை முதிராமல் இளசாகவே இருக்குமாம்” என்றார்.

விவசாய நண்பர்களே, இதில் பாதி உண்மை. மற்றப் பாதிதான் ஆபத்து.

நம் பக்கத்துப் பிச்சிப்பூவின் எண்ணெயிலிருந்து 1962-ல் மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற மணப்பொருளைப் பிரித்தார்கள். வாசனைச் சரக்கு என்றே அப்போது எண்ணினர். 1980-ல் ஜப்பானியர் இருவர், மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்றில் இலையை மூப்படையச் செய்யும் பொருள் எது என்று தேடினர். அகப்பட்டது இதே பொருள். இது பட்டதும் ஓட்ஸ் பயிரின் இலை பச்சையத்தை இழந்தது. இளமை தருவதாகச் சொல்லும் சரக்கின் கதை இது!

நன்மையும் உண்டு. 1990-ல் அமெரிக்காவில், அதே இனத்துச் செடியொன்றைத் தக்காளியுடன் மூடிய கூண்டில் வைத்தார்கள். காற்றில் வந்த இந்த மணமே தக்காளியின் மரபணுக்களை எழுப்பியது; புழுவுக்குச் செரிமானத்தைக் கெடுக்கும் புரதம் இலையில் ஊறியது.

எப்படி? செடியின் காப்பு மரபணுக்களை மதகுப் பலகை போலச் சில புரதங்கள் அடைத்து வைத்திருக்கின்றன. ஜாஸ்மோனேட் வந்தால் பலகை அகலுகிறது. இது 2007-ல் தெளிவானது. ஆனால் ஒரு மதகைத் திறந்தால் மற்ற வயலுக்குத் தண்ணீர் குறையாதா? காப்புக்குச் செலவழித்த செடி வளர்ச்சியைக் குறைக்கிறது; அளவு மிஞ்சினால் இலை பழுக்கிறது. தக்காளிக்காரருக்கு இலை பழுத்தாலும் காய் மிஞ்சும். நமக்கு இலைதானே காசு? பழுத்த இலையைக் கவுளியில் யார் சேர்ப்பார்?

காயம் பட்டாலும் செடி தானாகவே இப்பொருளைச் சுரக்கும். ஆகவே கிள்ளும்போதும் கட்டும்போதும் இலையை நசுக்காமல் இருப்பது செலவில்லாத வைத்தியம். நம் பெரியவர்கள் இந்த ரசாயனம் தெரியாமலே அதைச் செய்தார்கள்.

பூவெண்ணெய்ச் சரக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பயிருக்கு, எந்தப் பருவத்தில், எத்தனை துளி என்று சோதித்துச் சொல்லாத சரக்கு வேண்டாம் என்கிறேன். வெற்றிலை பச்சையாக மெல்லும் பண்டம். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் கிடைத்த புவிசார் குறியீடும் நம் கையில் இருக்கிறது. பெயரைக் கெடுத்துக்கொண்டால் மீட்பது பாடு. கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியார் ஆத்தூர்ப் பக்கம் ஒரு கொடிக்காலிலேயே சோதனை வைத்து முடிவைச் சொல்ல வேண்டும். புன்னக்காயல் முகத்துவாரம் வரை உப்புக்காற்று படும் மண் இது. வேறெங்கோ கண்ட கணக்கு இங்கே அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது.

பயிர் ஊக்கிகளை 2021-ல் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டது. பதிவு இல்லாமல் விற்கக்கூடாது. நாங்கள் இருவரும் அந்தப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பூப்படம் இருந்தது. பதிவு விவரமோ, என்ன பொருள் எத்தனை பங்கு என்பதோ இல்லை. நண்பர் அதை மடியில் வைத்துக்கொண்டு, கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கக் கடைக்குக் கிளம்பினார்.