கல்வெட்டில் இடம்பெறாத அன்னை

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் சிவபதமடைந்து 31ஆம் நாள் கிரியைகள் நிறைவுற்றதும், மதிய போசனம் உண்டு எழுந்தோர் கையில் கல்வெட்டு என்னும் நினைவு மலரைக் கொடுத்து வழியனுப்பும் சம்பிரதாயம், கடல் கடந்து வந்த பின்னரும் கனடாவின் பிறம்ரனிலும் ஸ்காபரோவிலும் தளராது நிலைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், அன்னையர்க்காக வெளியிடப்படும் மலர்களைப் படிக்குந்தோறும் என் நெஞ்சில் ஒரு குறை எஞ்சிநிற்கின்றது.

அட்டையில் அவர் திருவுருவம். அதன் கீழ் மலர்வு, உதிர்வு என இரண்டு தேதிகள். உள்ளே பஞ்ச புராணம். அதன் பின்னர், ‘இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் பிறம்ரனை வதிவிடமாகவும் கொண்ட’ அவர், இன்னாரின் செல்வப் புத்திரி, இன்னாரின் அன்பு மனைவி, இன்னின்னாரின் பாசமிகு தாயார் எனப் பிறருடைய நாமங்களாலேயே அறிமுகம் செய்யப்படுகின்றார். தந்தையரின் மலர்களில் படித்த கல்லூரி, வகித்த உத்தியோகம், இடமாற்றம் பெற்ற ஊர்கள் எல்லாம் வருஷவாரியாக விரிந்துகிடக்க, தாயின் சரித்திரமோ ‘அன்பின் உறைவிடம்’ என்ற ஒரே புகழ்மொழிக்குள் அடங்கிவிடுகின்றது. அம்மொழி பொய்யன்று, ஆனால் எந்தத் தாய்க்கும் அது பொருந்துமாதலால், இந்தத் தாயை அது காட்டுவதில்லை.

பிறப்பிடத்துக்கும் வதிவிடத்துக்கும் இடையே அவர் வாழ்ந்த வாழ்வு எங்கே? 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின் தாலிக்கொடி ஒழிந்த நகைகளையெல்லாம் விற்று மூத்த மகனை வெளிநாட்டுக்கு அனுப்பியதும், 1995 அக்டோபர் இறுதியில் போரினால் யாழ் குடாநாட்டு மக்கள் வெள்ளமெனத் தென்மராட்சி நோக்கி நகர்ந்த இரவில் மாமியாரைக் கைப்பிடித்து நடத்திச் சென்றதும், பின்னர் பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்ய இங்கு வந்து, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போன வீட்டில் பேரப்பிள்ளைகளை வளர்த்தெடுத்ததும் யார் எழுதுவது? பனிக்காலத்தில் புகை எச்சரிக்கை மணி அலறிவிடாதிருக்கக் கராஜின் கதவைப் பாதி உயர்த்திவைத்து, குளிருடுப்பின் மேல் பழஞ்சேலையைப் போர்த்துக்கொண்டு செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து, அளவுகோல் ஏதுமின்றி வாசத்தைக் கொண்டே பதம் கண்டு, இறக்குமுன் ஒரு பிடி கறிவேப்பிலையை எறிந்த அந்தக் கைப்பக்குவம் அவரோடு போய்விட்டதே! அதுவும் ஒரு வித்தையல்லவா?

இன்று உலகெங்கும் கொண்டாடப்படும் அன்னையர் தினமே மறைந்த ஒரு தாயின் ஞாபகார்த்தமாகத் தோன்றியதென்பதைப் பலர் அறியார். சிசு மரணத்தைக் குறைக்கும் பொருட்டுப் பெண்களைத் திரட்டிச் சுகாதாரப் பணி ஆற்றியவரும், அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருதரப்புப் படைவீரர்க்கும் சிகிச்சை செய்வித்தவருமான ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் 1905இல் மறைந்தபோது, அவர் மகள் ஆனா ஜார்விஸ் தாயின் நினைவைப் போற்றத் தீர்மானித்து, 1908 மே 10ஆந் தேதி மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டன் நகரத் தேவாலயத்து ஆராதனைக்கு 500 வெள்ளைக் கார்னேஷன் மலர்களை அனுப்பிவைத்தார். பிற்காலத்தில் அத்தினம் வியாபாரமாகிவிட்டதைக் கண்டு மனம் வெதும்பி, அதனை எதிர்த்துப் போராடியவரும் அவரே.

அதே மே 10ஆந் தேதி, 2025இல், பிறம்ரனின் சிங்கூசிப் பூங்காவில் தமிழின அழிப்பு நினைவுத்தூபி திறந்துவைக்கப்பட்டது. மறுநாள் அன்னையர் தினம். அதற்கு மறுநாள், தாயை இழந்தோர் விரதமிருக்கும் சித்திராபௌர்ணமி. இறுதிப் போரில் முள்ளிவாய்க்காலில் மாண்ட அன்னையருள் எத்தனையோ பேருக்கு 31ஆம் நாளும் இல்லை, கல்வெட்டும் இல்லை. பெயரைச் சொல்ல ஒருவரும் மிஞ்சாத குடும்பங்களும் உண்டு. அந்தத் தூபியின் முன் நின்ற நமக்கு, நம் தாயைப் பற்றி எழுதும் பாக்கியம் கிடைத்திருக்கையில், அதனை அச்சகத்தாரின் ஆயத்த வாசகங்களிடம் ஒப்படைத்துவிடுவது எவ்விதத்திலும் தகாது.

இக்கல்வெட்டு மலர்களை நூலகம் நிறுவனம் எண்ணிமப்படுத்திப் பேணிவருகின்றது. ஆகவே, இன்று நாம் எழுதுவது நம் சுற்றத்தாரோடு நின்றுவிடாது, ஈழத்துப் பெண்களின் சரித்திரத்தைத் தேடி நாளை வருவோர்க்கும் ஆதாரமாகும். எழுதுவதற்கு உகந்த காலமும் சம்பிரதாயத்திலேயே அமைந்திருக்கின்றது. செத்த வீட்டுக்கும் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கும் இடைப்பட்ட அந்த ஒரு மாதத்தில் தாயின் உடன்பிறந்தாரும், பள்ளித் தோழியரும், பழைய அயலவரும் மாலைதோறும் வீட்டுக்கு வருவார்கள். தேநீர் கொடுத்த கையோடு ஒரு கொப்பியையும் எடுத்து வைத்துக்கொண்டு அவர்கள் அருகில் அமருங்கள். சிறுமியாயிருந்தபோது எந்தக் கிணற்றில் நீச்சல் பழகினார், ஏன் பள்ளியை நிறுத்தினார்கள், யாரோடு கோபித்து யாரோடு சேர்ந்தார் என்று சின்னம்மாவைக் கேளுங்கள், அவருக்கும் வயதாகிவிட்டது.