வேகம் வேகம்னு பேசறவங்களே, அம்போட எடை என்ன?

கடலூர் மாவட்டத்துல வேப்பூர், மங்களூர் பக்கம் மக்காச்சோளம் போட்டவங்ககிட்ட காட்டுப்பன்னி பத்திக் கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க. அந்தக் கோபம் நியாயமானது. ஆனா சிதம்பரத்துல டீக்கடையில உக்காந்துகிட்டு நம்ம பசங்க சொல்ற தீர்வு இருக்கே, அதான் தாங்க முடியல. "காம்பவுண்ட் வில் ஒண்ணு வாங்கு மச்சி. சத்தமே வராது. செகண்டுக்கு 300 அடி. பன்னி காலி."

மக்களே, வில் கம்பெனிக்காரங்க விளம்பரத்துல போடற அந்த வேகம், 70 பவுண்டு இழுவிசையில 350 கிரெய்ன் அம்பை விட்டு அளந்தது. 350 கிரெய்ன்னா 23 கிராம் கூட இல்லை. பைக் விளம்பரத்துல மைலேஜ் போடற அதே கதைதான். இதைவிட லேசான அம்பு வெச்சா வில்லுக்கே ஆபத்து.

இப்ப பிளஸ் டூ இயற்பியல். 23 கிராம், 300 அடி வேகம். ஆற்றல் சுமார் 95 ஜூல். அதே ஆற்றலை 650 கிரெய்ன், அதாவது 42 கிராம் அம்புக்குக் குடுங்க. வேகம் 220 அடிக்கு இறங்கிடும். ஆனா உந்தம் 36 சதவீதம் ஏறும். நெஜத்துல கனமான அம்பு வில்லுகிட்டேர்ந்து இன்னும் கொஞ்சம் ஆற்றலை வாங்கிக்கும், வில்லும் கம்மியாத்தான் அதிரும்.

உந்தம் ஏன் முக்கியம்? அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியில கொல்றதில்லை. அறுத்து, ரத்தம் போகவெச்சுக் கொல்லுது. நுரையீரல் வரைக்கும் போயே ஆகணும். வளர்ந்த ஆண் பன்னிக்குத் தோள்பட்டையில கேடயம் மாதிரி தடிச்ச தோல் இருக்கு. ஆப்பிரிக்காவுல வருஷக்கணக்கா சோதனை பண்ணின எட் ஆஷ்பி, கனத்த எலும்பை உடைக்கணும்னா 650 கிரெய்னாவது வேணும்னு சொன்னார். லேசான அம்பு எலும்புல பட்டு பாதியில நின்னுட்டா, பன்னி அம்போட சோளக்கொல்லைக்குள்ள ஓடும். நாள்கணக்கா சீழ் பிடிச்சுச் சாகும், இல்லேன்னா காலையில தண்ணி பாய்ச்ச வர்றவர் மேல பாயும். டீக்கடைப் பேச்சுல இது மட்டும் வரவே வராது.

(நம்ம மாவட்டத்துத் திருவதிகைக் கதையில கூட, மேருவை வில்லா வளைச்சவர் அம்புக்குத் திருமாலையே எடுத்தார், ஈர்க்குச்சியை இல்லை!)

அப்போ 650 வாங்கிட்டா சரியா? அது சீக்கிரமா கீழ இறங்கும். தூரத்தைத் தப்பா கணிச்சா குறி தப்பும். ரொம்பக் கிட்ட போகணும், ராத்திரியில, பயிருக்குள்ள. போறீங்களா?

இதையெல்லாம் விடுங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல ஆயுதம்னா என்னன்னு சொல்ற இடத்துலயே வில்லும் அம்பும் பேரோட இருக்கு. காயப்படுத்தறதும் வேட்டைதான். 2025 ஜனவரியில தமிழக அரசு அனுமதிச்சது, காப்புக்காட்டுலேர்ந்து 3 கிலோமீட்டருக்கு மேல வர்ற பன்னியை வனத்துறையே சுடறதுக்கு மட்டும். பயிர் போனவங்களுக்காகப் பேசணும்னா, அது ஒழுங்கா நடக்குதான்னு கேளுங்க, இழப்பீட்டைக் கேளுங்க.

வில் ஆசை விடலைன்னா அட்டையில குறி பாருங்க. அதுக்கு எலும்பு கிடையாது, லேசான அம்பே போதும்.