மாங்கனி கண்காட்சியில் பழம் இருக்கு... விலை எங்கே?

ராட்டினம் சுற்றும். மைக் அலறும். டெல்லி அப்பளக் கடையில் எண்ணெய் புகையும். ஆனி மாத வாக்கில் கிருஷ்ணகிரி பக்கம் இப்படி ஒரு சத்தம் கேட்டால் அகில இந்திய மாங்கனி கண்காட்சி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்த மாவட்டத்தின் பெரிய சீசன் திருவிழா இதுதான். ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம் என்று நாலா திக்கிலிருந்தும் ஜனம் பஸ் ஏறி வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்து உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

வருகிறவர்களுக்குப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. அரசுத் துறை அரங்குகள் வரிசை கட்டி நிற்கின்றன. மாங்கனி அரங்கில் மல்கோவா, இமாம்பசந்த், அல்போன்சா, செந்தூரா, பங்கனப்பள்ளி, மல்லிகா, ரூமானி, நீலம் என்று தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அரங்கில் நுழையும்போதே வாசனை மூக்கைத் துளைக்கும். குழந்தைகள் கை நீட்டும். "தொடாதே" என்று தாய்மார் கையில் ஒரு தட்டு!

தொடக் கூடாது, சரி. போட்டிக்கு வைத்த பழம். ஆனால் அந்த அரங்கை விட்டு வெளியே வந்ததும் அதே பழத்தை, விளைவித்தவர் கையாலேயே, நியாயமான விலைக்கு ரெண்டு கிலோ வாங்க வழி இருக்க வேண்டாமா? வளையல், பிளாஸ்டிக் வாளி, பஞ்சு மிட்டாய் எல்லாம் வாங்கிக்கொண்டு, மாம்பழப் பை மட்டும் இல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் குடும்பங்களை எந்த மாலையிலும் பார்க்கலாம். பெயர் மாங்கனி கண்காட்சி. வியாபாரம் பூரா வேறே!

கிலோ 5 ரூபாய்

இதை வெறும் கேளிக்கை விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. 2025 சீசனில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் போதும். பெங்களூரா மாங்காய் விலை கிலோ 5 ரூபாய் என்கிற அளவுக்கு விழுந்தது. டன்னுக்கு 5 ஆயிரம். அதிலே பறிக்கிற ஆளுக்குக் கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் எல்லாம் போக மிச்சம் என்ன? பறிக்காமல் மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. ரோட்டோரம் கொட்டியவர்களும் உண்டு. இந்தக் கொடுமை நடந்த அதே சீசனில்தான் ஊருக்குள் ராட்டினமும் சுற்றியது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 30 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் மாந்தோப்பு இருக்கிறது. அதிலே பெங்களூரா ஒரு பெரும் பங்கு. 'கிளிமூக்கு' என்று தெருவில் உப்பு, மிளகாய்ப்பொடி தூவி விற்கிறார்களே, அதுதான். இந்த ரகத்தை நம்பித்தான் இங்கேயும் ஆந்திராவின் சித்தூரிலும் மாங்கூழ் தொழிற்சாலைகள் நடக்கின்றன. கூழ் டின்களில் அடைபட்டு வெளிநாடு போகிறது. பாட்டில் ஜூஸாகப் பெட்டிக்கடைக்கும் திரும்பி வருகிறது. பாட்டில் விலை எந்த வருஷமாவது இறங்கியதுண்டா? மாங்காய் விலை மட்டும்தான் இறங்குகிறது.

தொழிற்சாலைக்காரர்களும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். போன வருஷத்துக் கூழே விற்காமல் கிடங்கில் இருந்தால் புதுசாக எதற்கு வாங்குவது என்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தச் செய்தி விவசாயிக்கு எப்போது தெரிகிறது? காயைப் பறித்து, லாரியில் ஏற்றி, ஃபேக்டரி கேட்டில் வரிசையில் நிற்கும்போதுதான் தெரிகிறது. அப்புறம் என்ன பேரம் பேசுவது? வெயிலில் நிற்கும் மாங்காய் மணிக்கு மணி எடை இழக்கும். கேட்ட விலைக்குக் கொட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

பக்கத்து மாநிலத்தில்

அதே 2025-ல் ஆந்திர அரசு ஒரு ஏற்பாடு செய்தது. கிலோவுக்கு 12 ரூபாய் என்று முடிவு செய்து, தொழிற்சாலை 8 ரூபாய் கொடுக்கட்டும், மீதி 4 ரூபாயை அரசு கொடுக்கும் என்று அறிவித்தது. உள்ளூர் விவசாயிக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று ஜூன் மாதம் சித்தூர் மாவட்டத்துக்குள் வெளி மாநில பெங்களூரா மாங்காய் நுழையவே தடை போட்டார்கள். கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா ஆட்சேபம் தெரிவித்து சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார்.

கர்நாடகத்துக்கும் பலன் கிடைத்தது. மத்திய அரசு குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று கணக்கு வைத்து, 2.5 லட்சம் டன் வரை விலை வித்தியாசத் தொகை தர ஒப்புக்கொண்டது. பாதி மத்திய அரசு, பாதி மாநில அரசு. தமிழக அரசும் சந்தைத் தலையீட்டுத் திட்டம் கேட்டு டெல்லிக்குக் கடிதம் எழுதியது. கடிதம் போய்ச் சேருவதற்குள் மாங்காய் அழுகிவிடும் என்பது மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்கும் தெரியும்.

இதையெல்லாம் கண்காட்சி மேடை தீர்த்துவிடுமா என்று சிலர் கேட்கலாம். தீர்க்காது. கூழுக்குப் போகிற லட்சக்கணக்கான டன்னை மைதானத்தில் பை பையாக விற்றுத் தீர்க்க முடியாது. ஆனால் மேடையால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. கலெக்டர், விவசாயிகள், தொழிற்சாலை உரிமையாளர்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து விலை பேச வேண்டும் என்பது இங்கே பல வருஷக் கோரிக்கை. அந்தப் பேச்சை அறுவடைக்கு முன்னாலேயே முடித்து, கண்காட்சி திறக்கிற அன்றைக்கு அதே மைக்கில், அதே ஜனத்துக்கு முன்னால் விலையை அறிவிக்கட்டுமே! அமைச்சர் ரிப்பன் வெட்டுகிறார், குத்துவிளக்கு ஏற்றுகிறார். கூடவே 'இந்த சீசனுக்கு பெங்களூரா டன் இவ்வளவு' என்று ஒரு பலகையையும் திறந்து வைத்தால் கை வலிக்காது. பத்தாயிரம் பேர் பார்க்க எழுதிய விலையை ஃபேக்டரி கேட்டில் குறைத்துச் சொல்ல யாருக்கும் கொஞ்சம் கூச்சமாவது இருக்கும்.

உழவர் சந்தைப் பலகை

விலைப் பலகை ஒன்றும் புது யோசனை இல்லை. 1999 நவம்பர் 14-ந் தேதி மதுரையில் கருணாநிதி முதல் உழவர் சந்தையைத் திறந்த நாளிலிருந்து தமிழ்நாடு பூரா நடக்கிற வழக்கம்தான். காலையில் விலை எழுதுகிறார்கள். மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே. விவசாயிக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் லாபம். ஓசூர் உழவர் சந்தையில் விடியற்காலை கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காய்கறிக்கு முடிகிற காரியம் மாம்பழத்துக்கு மட்டும் ஏன் முடியாது?

சாப்பிடுகிற ரகங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி விளைவிக்கிறவர்களுக்குக் கண்காட்சி மைதானத்தில் வாடகை இல்லாமல் முப்பது, நாற்பது கடை ஒதுக்கினால் போதும். கடைசி மூலையில் வேண்டாம், ராட்டினத்துக்கு முன்னால் வேண்டும்.

பெங்களூருவில் இதைத்தான் செய்கிறார்கள். லால்பாக் தோட்டத்தில் மாம்பழ மேளா நடத்தி, விவசாயியே கடை போட்டு இயற்கையாகப் பழுத்த பழத்தை நேராக விற்கிறார். 2019-லிருந்து தபால்காரர் மூலம் வீட்டுக்கே பழப்பெட்டி போகிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். காலையில் ஓசூரிலிருந்து வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே நல்ல பழம் வாங்கி இங்கே கொண்டு வருகிறார்கள். மாந்தோப்புக்கு நடுவில் இருந்துகொண்டு அடுத்த மாநிலத்தில் மாம்பழம் வாங்குவது என்ன நியாயம்?

பெயர் பறிபோனது ஏற்கெனவே ஒரு தடவை நடந்த கதை. 'சேலத்து மாம்பழம்' என்று மெட்ராஸ் கடைகளில் கூவி விற்றார்களே, அதிலே எவ்வளவோ கிருஷ்ணகிரி தோப்புப் பழம். 1965 வரை கிருஷ்ணகிரி சேலம் ஜில்லாவில் இருந்தது. அப்புறம் தர்மபுரி மாவட்டம். 2004-ல்தான் தனி மாவட்டம் ஆனது. ஊருக்குத் தனி மாவட்டம் கிடைத்து இருபது வருஷம் தாண்டியும் பழத்துக்குத் தனிப் பெயர் கிடைத்தபாடில்லை.

கல் வைத்த பழம்

ஜனம் பழம் வாங்கத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கார்பைடு கல்! ஈரம் பட்டதும் அசிட்டிலின் வாயு கிளம்பி, காய் ஒரே ராத்திரியில் மஞ்சளாகிறது. அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும். சட்டப்படி இதற்கு முழுத் தடை. எத்திலின் வாயுவை மட்டும் அளவோடு பயன்படுத்த அனுமதி உண்டு. வருஷா வருஷம் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் குடோன்களில் ரெய்டு போகிறார்கள். பழத்தைக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். போட்டோ வருகிறது. அடுத்த வாரம் மறுபடியும் கல்.

வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது சுலபம். தோல் பூராவும் ஒரே சீரான மஞ்சளாக இருந்து, காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசனையே இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். வெட்டினால் கொட்டையைச் சுற்றி வெளிறி, புளிப்பாக இருக்கும். இந்தச் சோதனையை அதிகாரிகளே கண்காட்சியில் ஒரு மேஜை போட்டுக் காட்டினால் என்ன? துண்டுப் பிரசுரம் கொடுத்துக் கடமையை முடிப்பதைவிட, பழத்தை அறுத்துக் காட்டுவது மேல். சோதித்த பழக் கடைக்கு ஒரு சீட்டு ஒட்டட்டும். ஜனம் அந்தக் கடைக்குத்தான் போகும். கல் வைக்கிறவர்கள் கதை அதோடு முடியாது என்றாலும், பாதியாவது குறையும்.

தேதியும் தப்பு

பெரும்பாலான வருஷங்களில் ஜூன் பாதி தாண்டிய பிறகுதான் கண்காட்சிக்குப் பந்தல் போடுகிறார்கள். செந்தூராவும் அல்போன்சாவும் மே மாதத்திலேயே மார்க்கெட்டுக்கு வந்துவிடும். பள்ளி திறந்து, பீஸ் கட்டி, நோட்டுப் புத்தகம் வாங்கி, கையில் காசு இல்லாத சமயம் பார்த்துத் திருவிழா வைத்தால் எப்படி? மே மாத லீவில் வைத்தால் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னை, சேலம், பெங்களூரு, திருவண்ணாமலை ரோடுகள் வந்து கூடுகிற ஊர் இது. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது (திருப்பத்தூரிலிருந்து வெள்ளைக்காரன் போட்ட சின்ன ரயிலும் இரண்டாம் உலகப் போர் காலத்தோடு போச்சு). ஆனால் ரோட்டுக்குப் பஞ்சமில்லை. அந்த ரோடுகளில் போகிற வண்டிகளை ஒரு மணி நேரம் நிறுத்த வைக்க மாம்பழத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

நிறுத்தியவர்களுக்குக் காட்டவும் ஊரில் சரக்கு உண்டு. ஊருக்கு மேலே மலைக்கோட்டை நிற்கிறது. 1791-ல் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை ஏறி வந்து, திப்புவின் வீரர்களிடம் தோற்றுத் திரும்பிய கோட்டை. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4,200 வருஷம் பழசு என்று 2022-ல் சட்டசபையிலேயே அறிவித்தார்கள். ஊருக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கண்காட்சி நாட்களில் இந்த இடங்களை எல்லாம் சுற்றிக் காட்ட ரெண்டு டவுன் பஸ் விட்டால், வெளியூர்க்காரர் ஒரு நாள் தங்குவார். லாட்ஜுக்கும் ஓட்டலுக்கும் வியாபாரம்.

எல்லாவற்றுக்கும் முதலில் மைதானத்தில் யாருக்கு எந்த இடம் என்று பிரிக்கிற பேப்பரில் மாற்றம் வர வேண்டும். ராட்டினத்துக்கு எவ்வளவு அடி, சர்பத் கடைக்கு எவ்வளவு அடி என்று அளந்து கொடுக்கிற அதிகாரிகள், அதே பேப்பரில் விவசாயி கடைக்கும் விலைப் பலகைக்கும் இடம் குறிக்கட்டும். மாமரத்தில் பூ எடுப்பது தை மாதம். பூவைப் பார்த்தே தோப்பைக் குத்தகை பேசி முடிக்கும் வியாபாரிகள் அப்போதே வந்துவிடுவார்கள். கலெக்டர் ஆபீஸ் கூட்டமும் அந்த மாதமே நடக்க வேண்டும்.