முகப்பை விடுங்கள், பின்பக்கம் படியுங்கள்

ஃபேஸ்வாஷ் டியூபின் முன்பக்கத்தில் வேம்பும் மஞ்சளும் பெரிதாகச் சிரிக்கும். ஆனால் முகத்தில் அரை நிமிடம் நுரைத்துவிட்டு ஓடும் தண்ணீரோடு போகும் பொருளில், தோலுக்கு நல்லதோ கெட்டதோ செய்வது பெரும்பாலும் அழுக்கு நீக்கும் வேதிப்பொருள்தான். சோடியம் லாரில் சல்பேட் நன்றாக நுரைக்கும். கூடவே தோலின் இயல்பான எண்ணெயையும் வழித்துக்கொண்டு போகும். வறண்ட தோல் உள்ளவர்களுக்கு அது எரிச்சல். கோகோ குளுக்கோசைடு போன்ற மென்மையானவையும் கிளிசரினும் இருப்பதே அவர்களுக்கு ஏற்றது. எண்ணெய் வழியும், பரு வரும் முகத்துக்குச் சாலிசிலிக் அமிலம் பொருந்தும். எண்ணெயில் கரைவதால் மயிர்க்கால் துளைக்குள் இறங்கும். உணர்திறன் மிக்க தோலுக்கோ, வாசனைப் பொருள் இல்லாததே முதல் தேவை.

சாதாரண சோப்பு போதாதா என்பார்கள். தோலின் பிஎச் அளவு 5-ஐ ஒட்டியது. சோப்புக்கோ 9, 10. சிலருக்கு அது ஒத்துப்போகும், மறுப்பதற்கில்லை. முகம் இழுத்துப் பிடிப்பவர்களுக்கு ஒத்துப்போகாது. விலை கூடினால் தரமும் கூடும் என்பதும் நம்பிக்கை மட்டுமே. கிளிசரின் மலிவான சரக்கு. டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் வாயில் நுழையாத பெயர்களை யார் படிப்பது என்ற கேள்வி நியாயமானது. முழுக்கப் படிக்க வேண்டாம். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் அச்சாக வேண்டும். முதல் ஐந்து பெயர்களைப் பாருங்கள். வேம்பு கடைசி வரியில் இருந்தால், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.