நாலடி மந்திரமும் பின்வளவு மண்ணும்

ரொறன்ரோவில் பின்வளவில் ஒரு கொட்டிலோ சன்ரூமோ போட வெளிக்கிட்டால் இரண்டு மந்திரங்கள் காதில் விழும். "நாலடி தோண்டினால் சரி" என்பது ஒன்று. "எட்டு அங்குலம் சல்லி கொட்டி, மேலே கொங்கிறீற் ஊத்தினால் சரி" என்பது மற்றது. இரண்டையும் ஓதுகிறவர்கள் உங்கள் மண்ணைக் கையால் தொட்டும் பார்ப்பதில்லை. என் சண்டை அதோடுதான்.

நாலடிக் கணக்கு பொய்யல்ல. இங்கே உறைபனி இறங்கும் ஆழத்தை 1.2 மீற்றர் என்று எடுப்பது வழக்கம். தூண் அத்திவாரத்துக்கு அது பொருந்தும். தரையில் படுத்திருக்கும் கொங்கிறீற் தளத்துக்கு யாரும் நாலடி தோண்டுவதில்லை. அது உறையும் மண்ணின் மேலேயே கிடக்கிறது. அதன் தலையெழுத்தை அடியில் இருக்கும் மண்தான் எழுதுகிறது.

"தண்ணீர் உறைந்தால் 9 வீதம் பெருக்கும், அவ்வளவுதானே?" என்பார்கள். அவ்வளவல்ல. ஸ்டீபன் ரேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர், உறையும்போது சுருங்குகிற பென்சீனைத் தண்ணீருக்குப் பதிலாக மண்ணில் விட்டு உறையவைத்தார். அப்போதும் மண் எழும்பியது. உறையும் படை கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி, பனித் தகடுகளாக அடுக்கிக்கொண்டே போகிறது. தளத்தைத் தூக்குவது அதுதான்.

இதற்குக் குளிர், தண்ணீர், அதற்கேற்ற மண் என்ற மூன்றும் வேண்டும். பருமணல் தண்ணீரை மேலே இழுக்காது. களி இழுக்கும், ஆனால் மெதுவாக. மாவுபோன்ற வண்டல் இழுக்கவும் செய்யும், வேகமாகக் கடத்தவும் செய்யும். பல அளவுத் துகள்கள் கலந்த மண்ணில் 0.02 மில்லிமீற்றரிலும் சிறியவை 3 வீதத்தைத் தாண்டினாலே சந்தேகப்படு என்று ஆர்தர் காசகிராண்டே 1931 அளவில் எழுதிவிட்டார். ஸ்காபரோவின் ஏரிக்கரைச் செங்குத்துகளைப் பாருங்கள். மணல், வண்டல், களி எல்லாம் படைபடையாகத் தெரியும். பக்கத்து வீட்டுத் தளம் அசையவில்லை என்பது உங்கள் வளவுக்குச் சாட்சியாகாது.

சோதிக்கப் பெரிய செலவில்லை. தளம் வரும் இடத்தில் மூன்றடிக் குழி ஒன்று தோண்டுங்கள். ஈரமண்ணை உள்ளங்கையில் தட்டையாக வைத்துக் குலுக்குங்கள். மேலே நீர் மினுங்கி, பிசைந்ததும் மறைந்தால் அது வண்டல். காய்ந்த கட்டி விரலில் மாவாக உதிர்ந்தாலும் வண்டல்தான். உடைக்க முடியாவிட்டால் களி. சாம்பல் மண்ணில் துருநிறத் திட்டுகள் தெரிந்தால், ஆண்டில் சில காலம் தண்ணீர் அதுவரை ஏறுகிறது என்று அர்த்தம். கூரைப்பீலித் தண்ணீர் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள்.

வண்டல் என்றால் அதை வெட்டியெடுத்துத் துப்புரவான சல்லி நிரப்புங்கள். தண்ணீர் வெளியேற வடிகாலும் வையுங்கள். வடிகால் இல்லாத சல்லிக்குழி தண்ணீர்த் தொட்டிதான். தளத்துக்கு அடியிலும் சுற்றிலும் ஃபோம் பலகை விரிப்பதும் குளிரைத் தடுக்கும்.

"ஒரு சின்னக் கொட்டிலுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று கேட்பீர்கள். சின்னது என்பதால்தான் ஐயா! வீட்டுக்குப் பாரம் உண்டு, பேஸ்மென்ற் சூடும் உண்டு. கொட்டிலுக்கு இரண்டும் இல்லை. முதலில் எழும்புவது அதுதான். சன்ரூம் என்றால் கதவு இறுகும், வீட்டோடு சேரும் இடத்தில் கூரை ஒழுகும். இதெல்லாம் காசோடு போகும். வாசலில் ஒரு அங்குலம் உயர்ந்து நிற்கும் கொங்கிறீற் விளிம்பு எங்கள் வயதில் இடுப்பெலும்போடு போகும்.

ஆகவே விலை பேசமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, இந்த மண் என்ன மண்?" பதில் இல்லாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.